அண்ணி தந்த ஒரு நிமிடம்

தீயணைப்பு வேலைக்கான தேர்வில் மைதானத்தை ஆறு சுற்று பதினோரு நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். கிடங்கில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவனுக்கு வயது முப்பத்திரண்டு. இந்தத் தடவை விட்டால் வயது தாண்டிவிடும்.

ஒரு சுற்று ஓடி, ஓய்வெடுத்து, மறுபடி ஓடிப் பழகினான். ஓட்டத்தோடு அவனுக்குச் சண்டை இல்லை, ஓய்வுதான் ஆகாது. கிடங்கில் சும்மா நின்றால் சூப்பர்வைசர் இருமுவார். அந்தப் பயம் மைதானத்துக்கும் கூடவே வந்தது. மூச்சு திரும்புமுன் கிளம்பிவிடுவான். மூன்றாம் சுற்றில் கால் கல்லாகும், நான்காவதில் வாந்தி.

பார்க்கப் பொறுக்காமல் அண்ணி விசிலோடு வந்தாள். படிக்கும் காலத்தில் ஓடிக் கோப்பை வாங்கியவள், இப்போது பஸ் ஓட்டுகிறாள். காலை ட்ரிப்புக்கும் மாலை ட்ரிப்புக்கும் நடுவே இரண்டு மணி நேரம் அவளுக்கு ஓய்வு.

"போனைக் குடுங்க தம்பி. விசில் அடிச்சா ஓடணும், அதுவரைக்கும் மெதுவா நடக்கணும்."

"எவ்வளவு நேரம் அண்ணி?"

"ஒரு நிமிஷம்."

"அதுக்குள்ள ஒரு லாரியையே காலி பண்ணிடுவேனே!"

"பண்ணுவீங்க. அப்புறம் உங்களை ஏத்திட்டுப் போக இன்னொரு லாரி வரணும்."

இரண்டே மாதத்தில் ஆறு சுற்றும் ஒரே வேகத்துக்கு வந்தன.

தேர்வுக்கு நான்கு நாள் இருந்தபோது, மாற்று ஆள் வராமல் அண்ணி வண்டியை விட்டு இறங்க முடியவில்லை. அவன் தனியாகப் போனான். ஓய்வுக்குப் போனில் ஒரு நிமிட அலாரம் வைத்துக்கொண்டு ஓடினான். நான்காவது சுற்றில் தொடை இறுகி வேலியைப் பிடித்துக்கொண்டான்.

"நான் தேர்வுக்குப் போகலை அண்ணி. உடம்பு கைவிட்டுடுச்சு."

வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்தாள். "நடுவுல எவ்வளவு நேரம் நின்னீங்க?"

"நீங்க குடுக்கிற அதே ஒரு நிமிஷம்."

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "நான் குடுத்தது ரெண்டரை நிமிஷம். சொல்லியிருந்தா நின்னிருப்பீங்களா?"

"இத்தனை நாளா ஏமாத்தினீங்களா?"

"ஆமா. உங்களுக்குப் பதிலா நானா ஓடினேன்? மூச்சு திரும்பினதாலதான் ஒவ்வொரு சுத்தும் பாய்ஞ்சீங்க. அரை மூச்சுல ஓடினா ஓட்டம் தேயும், களைப்புதான் மிஞ்சும். தேர்வுல இந்தப் பாய்ச்சலே வேணாம், கொஞ்சம் நிதானமா ஓடினாலே போதும். மூணு நாள் சும்மா கிடங்க."

கோபமாகத்தான் போய்ப் படுத்தான். படுத்த பிறகுதான் உறைத்தது. அவன் மூச்சு வாங்கி நடந்த அத்தனை நேரமும் அவள் வெயிலில் நின்றிருந்தாள். விடியுமுன் எழுந்தவள், கண் மூட வேண்டிய நேரம் அது. அவளுடைய ஓய்வைத்தான் இவன் உடம்பு தின்று தேறியிருக்கிறது.

தேர்வில் பத்து நிமிடம் நாற்பது விநாடியில் ஓடி முடித்தான். வேலை உறுதியானது.

மறுநாள் மதியம் அண்ணி வீட்டுக்கு வந்தபோது பாய் விரித்திருந்தது.

"எனக்கா? என்ன தம்பி இது?"

"பேசாம படுங்க அண்ணி."

அவன் அழைப்பு மணியின் கம்பியைக் கழற்றிவிட்டு வாசல்படியில் உட்கார்ந்தான். பார்சல்காரர் வந்தார். வாயைத் திறக்குமுன் அவன் உதட்டில் விரல் வைத்தான்.

"யாரு சார், குழந்தையா தூங்குது?" என்றார் அவர், கிசுகிசுப்பாக.

"எங்க அண்ணி" என்றான்.