மாமா வீட்டு உரத்தொட்டி

சுகாதார ஆய்வாளர் பேரைச் சொன்னாலே அந்தத் தெருக்காரர்களுக்குப் பயம்; அவள் அவ்வளவு கறார். சட்டம் அப்படி. காய்த்தோல், மிச்சம் மீதி எதையும் குப்பை வண்டியில் போடக்கூடாது. நகராட்சி இலவசமாகக் கொடுத்த தொட்டியில் போட்டு உரமாக்க வேண்டும். மாதாமாதம் ஊழியர் வந்து மூடியைத் திறந்து பார்ப்பார். தொட்டி காலியா? அப்படியென்றால் குப்பையைக் கண்ட இடத்தில் கொட்டுகிறார்கள் என்று அர்த்தம். உடனே நோட்டீஸ்.

ஒரு மாதம் காலித் தொட்டிக்காரர்கள் பட்டியலில் அவளுடைய தாய்மாமன் வீடும் வந்தது. அத்தை இறந்து அப்போது நாற்பது நாள்கூட ஆகவில்லை.

"மேடம், இது உங்க மாமா வீடாச்சே. விட்டுடலாமா?" என்று ஊழியர் இழுத்தார்.

"சொந்தக்காரருக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டமா? கொடுங்க இப்படி!"

நோட்டீஸை வெடுக்கென்று வாங்கி முதல் கையெழுத்தை அதில்தான் போட்டாள். அடுத்த மாதமும் தொட்டி காலி, அடுத்த நோட்டீஸ். இதில் பெருமை வேறு! போனை எடுத்து, "என்ன மாமா, ஏன் காலியா இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, பாவி.

மூன்றாவது மாதம் தொட்டி வழிய வழிய நிறைந்திருப்பதாக ஊழியர் வந்து சொன்னார். 'அப்படி வாங்க வழிக்கு' என்று அவளுக்கு ஏக சந்தோஷம். நேரில் பாராட்டிவிட்டு வரலாம் என்று கிளம்பினாள்.

கதவைத் திறந்த மாமாவுக்குச் சட்டை தொளதொளவென்று தொங்கியது.

"வாம்மா. தொட்டியப் பாக்கத்தானே வந்தே? ரொம்பிடுச்சு, வா வா."

கொல்லையில் அவரே மூடியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ். எல்லாம் முழுக்காயாக வாங்கி வட்டம் வட்டமாக நறுக்கியவை. பேருக்குக்கூட ஒரு முட்டை ஓடு, ஒரு பிடி டீத்தூள் சக்கை இல்லை.

"என்ன மாமா இது? நல்ல காயைப் போயி..."

"பின்ன என்னம்மா பண்றது? அவ சமைச்சா தோலு வரும். எனக்கு வெந்நீர் வைக்கத்தான் தெரியும். ரெண்டு தடவ நோட்டீஸ் வந்துடுச்சு, அதுல உன் கையெழுத்து வேற. என்னால உனக்கு ஆபீஸ்ல கெட்ட பேரு வரக்கூடாதேன்னு தினம் வாங்கி நறுக்கிப் போடறேன். இவ்ளோ போதுமா, இன்னும் போடணுமா?"

அவள் நேராகச் சமையலறைக்குள் போனாள். அடுப்பின் மேல் தூசி. அத்தை கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள் கவிழ்த்தபடியே இருந்தன. மேடையில் பாதி தின்ற ஒரு பன். இவரைப் பட்டினி போட்டுவிட்டு நான் சட்டம் பேசிக்கொண்டிருந்தேனே என்று அவளுக்கு நெஞ்சு வெடித்தது.

"மாமா, சாப்பாடெல்லாம் என்ன பண்றீங்க? ஒழுங்கா சாப்பிடறீங்களா?"

மாமா பதறிப்போனார். அவசரமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு நோட்டீஸையும் எடுத்துப் பிரித்து, வரிவரியாக விரல் வைத்துத் தேடினார்.

"அதுவும் இதுல கேட்டிருக்காங்களாம்மா?"