தகட்டுக்கு அடியில்

எக்ஸ்ரே திரையில் எல்லாம் அம்சமாக இருந்தது. உடைந்த தோள் எலும்பு ஒன்று சேர்ந்திருந்தது, உலோகத் தகடு நேராக உட்கார்ந்திருந்தது, திருகுகள் இறுகியிருந்தன. வேறு யாராக இருந்தாலும் தையலைப் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போயிருப்பார்கள். இந்தச் சர்ஜனுக்கு ஒரு பாழாய்ப்போன பழக்கம்: மூடுவதற்கு முன் விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்பாள்.

தோளின் விளிம்பிலிருந்து நாலு விரல் கீழே, தசையின் உட்பக்கமாக ஒரு நரம்பு சுற்றி ஓடுகிறது. மெல்லிய கயிறு மாதிரி இருக்கும். கையைப் பக்கவாட்டில் தூக்குவதெல்லாம் அதன் தயவில்தான். தகடு அந்த நரம்புக்கும் எலும்புக்கும் நடுவே நுழைய வேண்டும். நுழைக்கும்போது கயிறு அவள் விரல் நுனியில் தட்டுப்பட்டது. இப்போது தகட்டின் மேல் தடவினால் ஒன்றையும் காணோம்.

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், உலோகம் தெரியும், நரம்பு மட்டும் தெரியவே தெரியாது.

"திருகைக் கழட்டணும்," என்றாள்.

நோயாளியின் தலைமாட்டில் நின்ற மயக்க மருந்து டாக்டர் நிமிர்ந்தார். அவர் அவளுடைய கணவர். வீட்டில் எப்படியோ, ஆபரேஷன் தியேட்டருக்குள் இருவரும் ஒருவரையொருவர் "டாக்டர்" என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். நர்ஸுகள் வாய்க்குள் சிரிப்பார்கள்.

"எதுக்கு டாக்டர்? படம் பிரமாதமா இருக்கே. இங்க பி.பி. இறங்கிட்டே வருது. ஆளை நிமிர்த்தி உட்கார வச்சு ஆபரேஷன் பண்றோம், மூளைக்கு ரத்தம் ஏறணும். மூடுங்க."

"நரம்பு கைக்குச் சிக்கல. தகட்டுக்கு அடியில மாட்டியிருக்கலாம்."

"மாட்டியிருக்கலாமா, மாட்டியிருக்கா?"

"தெரியல."

"தெரியாமலே கழட்டுவீங்களா? மறுபடி போட்டா அதே ஓட்டையில திருகு பிடிக்குமா?"

கேள்வி நியாயமானதுதான். அதனாலேயே அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. நோயாளி ஓர் எலக்ட்ரீஷியன். கை தலைக்கு மேல் போகாவிட்டால் பிழைப்பு போச்சு. எலும்பு சேராமல் போனாலும் அதே கதிதான். "ஊர்ல இருக்கிற ஏணியெல்லாம் ஏறினவரு, எங்க வீட்டு ஸ்டூல்ல இருந்து விழுந்துட்டாரு டாக்டர்," என்று காலையில் அவர் மனைவி சிரிக்கப் பார்த்து, அழுதுவிட்டாள். அதே நரம்புதான் மேல்கைத் தோலுக்கும் உணர்ச்சி தருவது; அப்போது அவருடைய மேல்கையைப் பஞ்சால் தொட்டுச் சோதித்தது சர்ஜன்தான். உணர்ச்சி நன்றாகவே இருந்தது. இனி போனால் இவளால் போனதுதான்.

"என்னங்க," என்றாள். தியேட்டரில் அந்த வார்த்தை அதுவரை விழுந்ததில்லை. "கொஞ்ச நேரம் அவரைத் தாங்கிப் பிடிங்க."

கணவர் பி.பி.யை ஏற்ற மருந்து செலுத்தினார். "ம், ஆகட்டும். சீக்கிரம்."

திருகுகளைக் கழற்றித் தகட்டைக் கொஞ்சம் நெம்பினாள். நரம்பு அங்கேதான் இருந்தது, எலும்போடு நசுங்கி, தட்டையாக, வெளிறிப்போய். "ஐயையோ," என்றாள் நர்ஸ். சர்ஜன் நரம்பை விரலில் ஏந்திக்கொண்டு தகட்டை அதன் அடியில் நுழைத்தாள். ஒரு திருகு பழைய ஓட்டையில் வழுக்கியது. பக்கத்தில் வேறொன்று போட்டாள். நல்ல வேளை, அது இறுகியது. பி.பி.யும் ஏறியது.

நரம்பு அறுந்திருக்கவில்லை. பிழைக்குமா என்று உடனே பார்க்கத்தான் வழியில்லை. வலி தெரியாமலிருக்கக் கணவர் நோயாளியின் கழுத்தில் போட்டிருந்த ஊசியால், சாயங்காலம் வரை அந்தக் கை வெறும் கட்டைதான்.

வெளியே வந்து நோயாளியின் மனைவியிடம் மறைக்காமல் சொன்னாள். "நரம்பு தகட்டுக்கு அடியில மாட்டிக்கிச்சும்மா. என் கையாலதான். எடுத்து விட்டுட்டேன். கை தூக்க வருமான்னு இப்போ சொல்ல முடியாது. சாயங்காலம் தோல்ல உணர்ச்சி வருதான்னு முதல்ல பார்ப்போம்."

கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். "வரலைன்னா?" என்று மட்டும் கேட்டாள் அந்தப் பெண்.

அன்றைக்குச் சர்ஜனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வார்டுக்கு நடையாய் நடந்தாள். சாயங்காலம் முதலில் நோயாளியின் விரல்கள் அசைந்தன. பிறகு முழங்கை மடங்கியது. மேல்கைதான் பாக்கி. அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். கட்டுக்கு வெளியே தெரிந்த தோலில் சர்ஜன் ஒற்றை விரலை வைத்தாள். தெரிகிறதா என்று கேட்காமல் அவரையே பார்த்தாள். மனைவி கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. விரலை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"டாக்டர்," என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. "உங்க விரல் ஏன் இப்படி ஜில்லுன்னு இருக்கு?"