இரண்டு லார்சன்களும் ஒரு நீச்சல் குளமும்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஒரு செப்டம்பர் காலையில் அதுவாகவே எங்கள் வீட்டுப் புல்வெளியில் நட்டுவைக்கப்பட்டிருந்தது. நீல நிறத் தேர்தல் அட்டை, இரண்டு கம்பிக் கால், நடுவில் ஒரே ஒரு சொல்: லார்சன்.

எங்கள் ஊர் அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தில் இருக்கும் ஹேகன் ஃபால்ஸ். அந்த வருடம் மேயர் தேர்தலில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் பழைய மேயர் வெண்டல் லார்சன். இன்னொருவர் ஆர்டிஸ் லார்சன். இரண்டு பேருக்கும் உறவு ஒன்றும் இல்லை. மினசோட்டாவில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை விட்டெறிந்தால் அது லார்சன் மேல் விழும், தப்பினால் ஓல்சன் மேல் விழும்.

அட்டையை நட்டவர் பக்கத்து வீட்டுக்காரர். இவர்களுக்கும் ஒன்று இருக்கட்டுமே என்று அன்போடு நட்டிருக்கிறார். "எந்த லார்சன்?" என்று கேட்டேன். மனிதர் என்னவோ அவருடைய சம்பளத்தைக் கேட்டுவிட்டது போல முகம் சிவந்தார்.

"நல்ல லார்சன்தாங்க," என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

2

கதையைத் தொடங்க முதல் முயற்சி: "அமெரிக்க அரசியலில் குடும்பப் பெயரின் செல்வாக்கை ஆராயப் புகுந்தால்..." வேண்டாம். நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.

இரண்டாம் முயற்சி: "ஆர்டிஸ் லார்சனின் கண்களில் லட்சிய நெருப்பு கனன்றது." பொய். ஆர்டிஸின் கண்கள் சிவந்திருப்பது குளத்துக் குளோரினால்.

மூன்றாம் முயற்சி: ஆர்டிஸ் லார்சனுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஊர்ப் பொது நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். ஊரில் நாற்பது வயதுக்குள் இருக்கும் எவரையும் ஒரு முறையாவது வயிற்றில் கைகொடுத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டவள். அந்தக் குளம் ஒழுகுகிறது. பனி உருகியதும் அதை மண் போட்டு மூடி வண்டி நிறுத்துமிடம் ஆக்கிவிடலாம் என்று வெண்டல் நகரசபையில் சொன்னார். அதுவரை எந்தக் கூட்டத்திலும் வாயைத் திறக்காத ஆர்டிஸ், மறுநாள் காலை போய் வேட்பு மனு கொடுத்துவிட்டாள்.

இது சரியாக இருக்கிறது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

(வெண்டலை வில்லனாக்கப் பார்த்தேன். வாயில் ஒரு சுருட்டுகூட வைத்தேன். ஒட்டவில்லை. பனி கொட்டினால் தன் வாசலைக் கவனிப்பதற்கு முன்பே அடுத்தவர் வாசல் பனியைத் தள்ளிவிடும் மனுஷர். குளம் ஆர்டிஸுக்குப் பிள்ளைகள். அவருக்கு அது பழுதுபார்ப்புச் செலவு. அவ்வளவுதான் வித்தியாசம்.)

3

வெண்டல் நான்கு தேர்தல் பார்த்தவர். ஒவ்வொரு தேர்தலுக்கும் அச்சடித்த அட்டைகள் ஊரில் வீட்டுக்கு வீடு கார் கொட்டகையில் கிடந்தன. எங்கள் ஊர்க்காரர்கள் நல்ல அட்டையைத் தூக்கி எறிய மாட்டார்கள். தேர்தல் வந்ததும் தூசி தட்டி எடுத்து நட்டுவிட்டார்கள். வெண்டலுக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் நட்டார்கள். ஆர்டிஸுக்குப் போடுகிறவர்களும், லார்சன் என்றுதானே போட்டிருக்கிறது, எதற்கு வீண் செலவு என்று அதையே நட்டார்கள்.

ஆர்டிஸ் வீடு வீடாகப் போனாள்.

"உங்க அட்டையைத்தான் வாசல்லயே நட்டிருக்கோமே ஆர்டிஸ்."

"ரொம்ப நன்றி," என்பாள் அவள். அது யாருக்காக நட்ட அட்டை என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அவர்களுக்குச் சங்கடமாகிவிடும்.

அவளுடைய தோழி மார்லிஸ் தலையில் அடித்துக்கொண்டாள். மார்லிஸ் கடைத்தெருவில் காபிக்கடை வைத்திருக்கிறாள். ஊரில் நறுக்கென்று பேசக்கூடிய ஒரே ஆள். அதற்குக் காரணம் அவள் சிகாகோவிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள் என்று ஊரார் சொல்வார்கள்.

"ஏன்டி, ஊர் முழுக்க உன் பேரு. ஒருத்தனாவது உனக்குன்னு வாயால சொன்னானா?"

"கேக்கறது மரியாதையா இருக்காது மார்லிஸ்."

"மரியாதையா? அந்தாளு நாளைக்கு உன் குளத்துல மண்ணைக் கொட்டுவாரு. அப்பவும் மரியாதையா நின்னு லாரிக்கு வழி விடு."

4

இந்த இடத்தில் கதையை நிறுத்தி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து நடப்பதை நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

எங்கள் ஊரில் எதைக் கொடுத்தாலும் இரண்டு முறை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் முறைதான் வாங்கலாம். விருந்தில் கடைசித் துண்டு கேக்கை எவரும் எடுக்க மாட்டார்கள். ஒருவர் அதில் பாதியை வெட்டி எடுப்பார். அடுத்தவர் மிச்சத்தில் பாதி. கடைசியில் தட்டில் ஒரு சுண்டுவிரல் நகம் அளவு கேக் நிற்கும். அதற்கும் கத்தி கேட்பார்கள்.

இப்போது சர்ச் மண்டபத்து ஓட்டுச்சாவடி. ஆர்டிஸ் பேனாவோடு தடுப்புக்குள் நிற்கிறாள். சீட்டில் மேலும் கீழுமாக இரண்டு லார்சன்கள். தன் பெயருக்குப் பக்கத்து வட்டத்தை நிரப்பப் பேனாவைக் கொண்டுபோனாள். கை கூசியது. ஆளில்லாத இடத்தில் தனக்குத்தானே கைதட்டிக்கொள்வது போல இருந்தது. நான்தான் இந்த ஊரிலேயே உசத்தி என்று தானே எழுதிக் கொடுப்பதா? வெண்டல் என்ன அப்படியா செய்வார்? நிச்சயம் எனக்குத்தான் போட்டிருப்பார்.

அவள் வெண்டலின் வட்டத்தை நிரப்பினாள். மனது லேசாகிவிட்டது.

(தடுப்புக்குள் நடந்தது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். கதை எழுதுகிறவனுக்கு இந்த ஒரு சலுகையாவது கொடுங்கள்.)

5

முடிவு வந்தது. வெண்டல் லார்சன் இருநூற்றுப் பன்னிரண்டு. ஆர்டிஸ் லார்சன் இருநூற்றுப் பன்னிரண்டு.

"சமமாயிடுச்சாம்டி!" மார்லிஸ் தன் கடையில் ஆர்டிஸுக்குக் காபியை ஊற்றினாள். "ஒரே ஒரு ஓட்டு. யாரோ ஒரு புண்ணியவான் கூட ஒண்ணு போட்டிருந்தா..."

ஆர்டிஸ் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் முழிக்கிறே?"

"ஒண்ணுமில்ல."

"ஆர்டிஸ். நீ யாருக்குப் போட்டே?"

"அதெல்லாம் கேக்கக் கூடாது."

மார்லிஸ் காபிக் குடுவையை மெதுவாகக் கீழே வைத்தாள். "கடவுளே. நீ அந்தாளுக்குப் போட்டிருக்கே."

"அவரும் எனக்குத்தான் போட்டிருப்பாரு."

"போடலேன்னா? நீ உனக்கே போட்டிருந்தா அவரு ஒண்ணு குறைஞ்சிருப்பாரு, நீ ஒண்ணு கூடியிருப்பே. இந்நேரம் நீ மேயர். குளத்தை மூட அவரு எதுக்குடி மண்ணு தேடணும்? நீயே ஒரு கூடை கொட்டிட்டு வந்திருக்கே."

ஒரு பெண் ஆர்டிஸின் நாற்காலியைக் கடக்கும்போது தோளைத் தொட்டு, "என் சின்னவளுக்கு ஜூன்ல அஞ்சு வயசு. உங்ககிட்ட அனுப்பறேன்," என்றுவிட்டுப் போனாள். ஆர்டிஸின் காபி ஆறிப்போனது.

6

இங்கே நான் மாட்டிக்கொண்டேன். சமமானால் காசு சுண்டிப் பார்ப்பது என்று நகரசபை முடிவு செய்துவிட்டது. என் மேஜைமேல் இப்போது மூன்று முடிவுகள் கிடக்கின்றன.

முடிவு ஒன்று: ஆர்டிஸ் ஜெயிக்கிறாள், ஜூன் மாதம், பிள்ளைகள் கூச்சல், சூரியன் தண்ணீரில்... அட, வாழ்த்து அட்டை மாதிரி இருக்கிறது.

முடிவு இரண்டு: வெண்டல் ஜெயிக்கிறார். லாரி பின்னால் வந்து மண்ணைச் சரிக்கும்போது அவர் மனம் மாறி... மாற மாட்டார். அவரை எனக்குத் தெரியும். பழுதுபார்ப்புச் செலவைத் தலைகீழ்ப் பாடமாகச் சொல்லுவார்.

முடிவு மூன்று: வெண்டலும் ஆர்டிஸுக்கே போட்டிருந்தார் என்று தெரியவந்து இருவரும் கட்டித் தழுவி... எங்கள் ஊரில் எவரும் கட்டித் தழுவுவதில்லை. தவிர, அவர் யாருக்குப் போட்டார் என்று இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை.

மூன்றையும் அடித்துவிட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

7

நகரசபைக் கூடம். வெளியே முதல் பனி. நீளமேஜையில் காபியும் இனிப்பும். எழுத்தர் கேரல் ஒரு கால் டாலர் காசைக் கட்டைவிரல்மேல் வைத்துக்கொண்டு நின்றாள். மேஜைக்கு அந்தப் பக்கம் வெண்டல், இந்தப் பக்கம் ஆர்டிஸ்.

"தலையா பூவான்னு யாராவது ஒருத்தர் சொல்லுங்க," என்றாள் கேரல்.

வெண்டல் தொப்பியைக் கழற்றினார். "ஆர்டிஸ் சொல்லட்டும்."

கூட்டம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தது. இது முடிய நேரமாகும் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் "ஐயோ, நீங்க சொல்லுங்க வெண்டல்" என்பாள். அவர் "சேச்சே, நீங்கதான்" என்பார். இன்னொரு சுற்று இருக்கிறது. பின் வரிசையில் ஒருவர் காபி ஊற்றிக்கொள்ள எழுந்தார். கேரல்கூடக் கட்டைவிரலைத் தளர்த்திவிட்டாள்.

ஆர்டிஸ் வெண்டலைப் பார்த்தாள். பதில் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வருடமாக வந்து பழகிய பதில். அதை விழுங்கினாள்.

"தலை," என்றாள்.

காபிக்கு எழுந்தவர் குடுவையைப் பிடித்தபடி நின்றுவிட்டார். யாரோ இருமினார்கள். ஆர்டிஸின் முகம், கழுத்து, காது எல்லாம் சிவந்தன. ஆனால் அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

"முதல் தடவையே சொல்லிட்டீங்களே," என்றார் வெண்டல் திகைத்துப்போய்.

"எனக்கு அந்தக் குளம் வேணும் வெண்டல்."

சுவரோரம் நின்ற மார்லிஸ், "அப்பாடி," என்று சத்தமாகவே சொன்னாள்.

வெண்டல் கொஞ்ச நேரம் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "சரி. அப்போ எனக்குப் பூ. சுண்டு கேரல்."

காசு விழுந்தது. கூடம் முழுக்க எழுந்து எட்டிப் பார்த்தது. நான் பின் வரிசையில் இருந்தேன். எனக்கு முன்னால் ஓல்சன்கள், நல்ல உயரம். "யாரு?" என்று கேட்டேன். "லார்சன்தான்," என்றார் முன்னால் நின்றவர். அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு போய்ப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. நானும் இந்த ஊரில் வெகுகாலம் இருந்துவிட்டேன்.

மறுநாள் தெரிந்துகொண்டேன். ஆனால் எழுதப்போவதில்லை. உங்களிடம் ஒரு காசு இருக்கும், எடுத்துச் சுண்டுங்கள். விழுகிற பக்கம்தான் முடிவு. ஒரே ஒரு நிபந்தனை: குளம் வேண்டுமா வேண்டாமா என்று சுண்டுவதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் "நீங்க சொல்லுங்க" என்று தள்ளினால் ஆட்டம் செல்லாது.