வலது கையில் பின்னிய மப்ளர்

அத்தாயிக்குப் பேச்சில் மிஞ்சியது ஒரே ஒரு சொல்தான். "போவாதீங்க." தாகம் எடுத்தாலும் அதைத்தான் சொல்வாள். சோற்றில் உப்பு குறைந்தாலும், கோழி உள்ளே வந்தாலும், மகள் போனில் கூப்பிட்டாலும் அதே சொல்தான். ராகம் மட்டும் மாறும். கோபத்துக்கு ஒரு மாதிரி, கெஞ்சலுக்கு ஒரு மாதிரி. பக்கவாதம் வலது கையையும் காலையும் முடக்கியபோது மற்ற பேச்சையெல்லாம் வாரிக்கொண்டு, இதை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தது.

பார்க்க வருகிறவர்களுக்கு அது ஆச்சரியம். "புருஷன் மேல எத்தன உசுரு பாருங்க, வாயில வேற வார்த்தையே வல்ல" என்று பக்கத்து வீட்டுச் சின்னக்கண்ணு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அந்த நேரமெல்லாம் செல்லமுத்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் வெளியே போய்விடுவார்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். போன பங்குனியில், மலையிலிருந்து பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மிளகு மூட்டையோடு அவர் கிளம்பிய காலையில், அத்தாயி வாசலில் நின்று சொன்னது அது. "கை என்னமோ மரத்துப் போவுதுங்க. ஒரு பக்கமாத் தலை கனமா இருக்குது. இன்னைக்குப் போவாதீங்க." பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. "கொஞ்சம் எண்ணெயத் தேச்சுவிட்டுக்க புள்ள, சாயங்காலம் வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு அவர் ஏறிவிட்டார். திரும்பிப் பார்த்தாரா இல்லையா என்பது இப்போது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

மாலையில் அவர் திரும்பி வந்த பஸ், மலைப்பாதையின் பாதியில் ஒரு வளைவில் ஒதுங்கி நின்றது. மேலிருந்து ஆம்புலன்ஸ் ஒன்று அலறிக்கொண்டு இறங்கியது. யாருக்கு என்னவோ, பாவம் என்று நினைத்தபடி மடியில் இருந்த பொட்டலத்தைச் சரிசெய்துகொண்டார். அந்த ஆம்புலன்ஸில் அத்தாயிதான் படுத்திருந்தாள். சின்னக்கண்ணு மாட்டுத் தீவனம் கேட்க வந்தபோதுதான் அடுப்படியில் கிடந்தவளைப் பார்த்திருக்கிறாள். அவருடைய போனுக்கு எத்தனையோ முறை அடித்தும் கிடைக்கவில்லை.

மருத்துவமனையில் டாக்டர் கேட்டார். "எப்ப இருந்துங்க கை கால் மரத்துச்சு? மூணு நாலு மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா ஊசி போட்டிருக்கலாம்."

பக்கத்தில் மகள் தேன்மொழி நின்றிருந்தாள். ராசிபுரத்தில் வாக்கப்பட்டவள், தகவல் தெரிந்ததும் கட்டிய சேலையோடு ஓடி வந்திருந்தாள். செல்லமுத்து அவள் முகத்தைப் பார்த்தார். "காலையில நல்லாத்தானுங்க இருந்தா" என்றார். அப்படிச் சொல்லிவிட்ட பிறகு மாற்றிச் சொல்ல வழி இல்லாமல் போயிற்று. உண்மை தெரிந்த இன்னொருத்திக்கு வாய் இல்லை. அவளுக்கு மிஞ்சிய ஒரே சொல்லும் அந்தப் "போவாதீங்க"தான்.

ஐப்பசி மழை விட்டபோது ஜான்பீட்டர் வர ஆரம்பித்தார். நோயாளிகளுக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்க அரசு அனுப்பிய ஆள். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். முதல் நாள் கட்டிலில் உட்கார்ந்து அத்தாயியின் வலது கையை எடுத்துப் பார்த்தார். விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகிக் கிடந்தன. ஒவ்வொரு விரலாக அவர் நீட்டிவிட்டார். அத்தாயி வலியில் "போவாதீங்க!" என்று கத்தினாள்.

"நான் எங்கம்மா போவேன், இங்கதான இருக்கேன்" என்று அவர் சிரித்தார். பிறகு செல்லமுத்துவிடம், "ஐயா, இந்த விரலை இப்படியே விட்டா மடங்கினது மடங்கினதுதான். தினமும் நீட்டி, நீட்டினபடியே கொஞ்ச நேரம் வச்சிருக்கணும். சும்மா வைங்கன்னா யாரும் வைக்க மாட்டாங்க. அதுக்கு ஒரு வேலை கொடுப்போம்" என்றார்.

அடுத்த முறை வந்தபோது பையில் இருந்து அரக்கு நிற உல்லன் நூல்கண்டை எடுத்தார். ஊசி எதுவும் இல்லை. அத்தாயியின் கையைத் தலையணை மேல் மல்லாத்தி வைத்து, நான்கு விரல்களையும் விரித்து, நூலை ஆள்காட்டி விரலுக்கு முன்னால், நடுவிரலுக்குப் பின்னால், மறுபடி முன்னால், பின்னால் என்று வளைத்துக்கொண்டு போனார். சுண்டுவிரலைச் சுற்றி அதேபோல் திரும்பி வந்தார். இப்போது விரலுக்கு ஒரு கண்ணி இருந்தது. அதற்கு மேலேயே இன்னொரு சுற்று. விரலுக்கு இரண்டு கண்ணி ஆனதும், கீழ்க் கண்ணியைப் பிடித்து மேல் கண்ணிக்கு மேலாகத் தூக்கி, விரல் நுனியைத் தாண்டிப் புறங்கைப் பக்கம் விட்டார்.

"இவ்வளவுதான். திரும்பத் திரும்ப இதையே செய்யணும். புறங்கைப் பக்கமா கயிறு மாதிரி வளர்ந்துக்கிட்டே போகும். எட்டு, பத்து ஆள் நீளம் வந்ததும் வளையமா சுத்தி ஒரு எடத்துல கட்டிட்டா மப்ளர். முனையே கிடையாது. தலை வழியா மாட்டினாப் போதும். ஒரு கையாலயே மாட்டிக்கலாம்."

கடைசியாகச் சொன்னதைக் கேட்டு அத்தாயி நிமிர்ந்தாள். பனிக்காலம் தொடங்கியதிலிருந்து அவளுக்கு அதுதான் பெரிய தொந்தரவு. தலையில் சுற்றிய துண்டு நழுவும். ஒரு கையால் திரும்பச் சுற்ற முடியாது. செல்லமுத்து சுற்றிவிட வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சின்னப் பிள்ளைக்குக் கட்டுவதுபோல் தாடைக்குக் கீழே யாரோ முடிச்சுப் போடுவது அவளுக்குப் பொறுக்கவில்லை.

செல்லமுத்துவின் கை, மிளகுக் கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்டிப் பழகிய கை. முதல் நாள் அந்தப் பழக்கத்தில் இறுக்கிச் சுற்றிவிட்டார். அத்தாயியின் விரல் நுனிகள் கருத்துப் போயின. நீட்டினால் வலிக்குமே தவிர, விரல் நுனியில் தொடு உணர்ச்சி இல்லாததால் அவளுக்குத் தெரியவில்லை. சின்னக்கண்ணு பார்த்துக் கத்தினபோது பதறிப்போய் நூலை அறுத்துப் போட்டார். இரண்டாம் நாள் தளர்த்திச் சுற்றினார். மோதிர விரல் கண்ணி ஒன்று நழுவி, கவனிக்காமல் மேலே போய், முழ நீளம் வந்த பிறகு கயிற்றின் நடுவே ஏணிப்படி மாதிரி ஓட்டை தெரிந்தது. அத்தாயி அதை இடது கையால் தூக்கிப் பிடித்து, ஓட்டை வழியாக அவரைப் பார்த்தாள். எட்டு மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தாள். ஒரு பக்க உதடு மட்டும் ஏறிய சிரிப்பு.

மூன்றாவது வாரத்தில் அவளே வேலையை எடுத்துக்கொண்டாள். விரலை நீட்டிப் பிடிப்பதும் நூலைச் சுற்றுவதும் அவர். கண்ணியைத் தூக்கி விடுவது அவளுடைய இடது கை. அவர் தப்பாகச் சுற்றினால் கையிலேயே ஒரு தட்டு. காலையில் வேலை முடிந்து, வெயில் வாசலுக்கு வந்ததும் இருவரும் உட்காருவார்கள். கட்டிலுக்குக் கீழே கயிறு சுருண்டு சுருண்டு விழும். முப்பது வருடக் குடித்தனத்தில் அவர்கள் இத்தனை நேரம் முகத்துக்கு நேர் முகமாக உட்கார்ந்ததில்லை. அவள் பேசுவாள், அவர் எதையாவது செய்துகொண்டே காது கொடுப்பார், அப்படித்தான் ஓடியிருந்தது. இப்போது அந்தப் பேச்சுக்காக அவர் மனசு அடித்துக்கொண்டது.

மார்கழிக் கடைசியில் தேன்மொழி வந்தாள். அம்மாவின் விரலில் கண்ணிகள் வரிசையாக இருப்பதையும் அப்பா குனிந்து நூல் சுற்றுவதையும் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"ஏனுங்கப்பா, நீங்களா இதெல்லாம்?"

"போவாதீங்க" என்று அத்தாயி மகளைப் பார்த்துச் சொன்னாள்.

தேன்மொழி வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. "எல்லாம் மறந்தும் இதை மறக்கல பாருங்க. எங்க நீங்க உட்டுட்டுப் போயிருவீங்களோன்னு அம்மாவுக்குப் பயம். உங்க மேல அத்தன பாசம்."

செல்லமுத்துவின் கை நின்றுவிட்டது. இதே வார்த்தையை ஊரார் சொல்லி அவர் எத்தனையோ முறை எழுந்து போயிருக்கிறார். இன்றைக்கு எழ முடியவில்லை. அத்தாயியின் விரல்கள் அவர் பிடியில் இருந்தன.

"பாசமில்ல கண்ணு" என்றார். "அன்னைக்குக் காலையில சொன்னது அது. கை மரத்துப் போவுது, போவாதீங்கன்னு சொன்னா. நான் போயிட்டேன்."

தேன்மொழிக்கு உடனே புரியவில்லை. "எந்தக் காலையில?"

"விழுந்த அன்னைக்கு."

"டாக்டர் கேட்டப்ப நல்லாத்தான் இருந்துச்சுன்னீங்களே?"

"பொய் சொன்னேன்."

அவள் எழுந்து நின்றாள். குரல் உயரவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது. "காலையிலயே கூட்டிட்டுப் போயிருந்தா அம்மா இன்னைக்கு நடந்திருக்கும். பேசியிருக்கும். ஒம்பது மாசம். ஒம்பது மாசமா இதை வாயில வச்சுக்கிட்டு என்கூடப் போன்ல பேசியிருக்கீங்க."

செல்லமுத்து அத்தாயியைப் பார்த்தார். அவள் மகளைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இடது கையால் வலது கையைத் தூக்கி, அவர் பிடியிலிருந்து உருவி, தன் மடியில் வைத்துக்கொண்டாள். விரல்கள் மடங்கின. கண்ணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன.

மறுநாளே தேன்மொழி கார் ஏற்பாடு செய்தாள். ராசிபுரத்தில் வீட்டுப் பக்கத்திலேயே பயிற்சி கொடுக்கிறார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். "அம்மா, என்கூட வாரீங்களா?" என்று கேட்டதற்கு அத்தாயி "போவாதீங்க" என்றாள். அதற்கு வருகிறேன் என்று அர்த்தமா, மாட்டேன் என்று அர்த்தமா, யாராலும் சொல்ல முடியாது. தேன்மொழி அதை வருகிறேன் என்றே எடுத்துக்கொண்டாள். தடுக்கிற உரிமை தனக்கு இருப்பதாகச் செல்லமுத்துவுக்குத் தோன்றவில்லை. கார் திரும்பும்போது பின் சீட்டில் அவளுடைய தலைத்துண்டு நழுவிக் கிடந்ததைப் பார்த்தார்.

கயிற்றில் கண்ணிகள் கழன்ற இடத்திலிருந்து ஒரு முழம் அவிழ்த்துவிட்டு, தன் இடது கை விரல்களிலேயே கண்ணி போட்டு, மீதியைத் தனியாகப் பின்னினார். அவர் விரல் தடிமனானதால் அங்கிருந்து கயிறும் பெரிதாக, தளர்வாக வந்தது. எங்கே அவள் கை முடிந்தது, எங்கே இவர் கை தொடங்கியது என்று பார்த்ததும் தெரிந்தது. பிரித்து ஒரே சீராகத் திரும்பப் பின்ன அவருக்கு மனம் வரவில்லை. பத்து ஆள் நீளத்தை வளையமாகச் சுற்றி, ஜான்பீட்டர் சொன்னபடி ஒரு துண்டு நூலால் இறுகக் கட்டினார்.

தை மாதம் ராசிபுரம் போனபோது அங்கே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மலைக்குளிருக்காகப் பின்னிய மப்ளரை அந்தப் புழுக்கத்தில் பையிலிருந்து எடுக்கவே கூச்சமாக இருந்தது. அத்தாயி இடது கையை நீட்டினாள். வாங்கி மடியில் வைத்து, தடித்த பக்கத்தையும் மெல்லிய பக்கத்தையும் விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு தலை வழியாக மாட்ட முயன்றாள். ஒரு காதில் சிக்கியது. அவர் உதவப் போகவில்லை. தேன்மொழியும் கதவருகே நின்றுவிட்டாள். மூன்றாவது தடவை மாட்டிவிட்டாள். கழுத்தில் ஒரு சுற்று தொங்கியது, அதை முறுக்கி மறுபடி தலை வழியாகப் போட்டு இரண்டாவது சுற்றும் ஆக்கினாள். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

"அம்மா, வேர்க்குதும்மா, கழட்டீருங்க" என்று தேன்மொழி சொன்னதற்கு அவள் கழுத்தைப் பொத்திக்கொண்டாள்.

அன்றைக்கு மகள் அவருக்கு டீ கொடுத்தாள். டம்ளரை வைத்ததும் உள்ளே போய்விட்டாள். அவர் வாராவாரம் போனார். அத்தாயி அவர் பக்கத்தில் உட்காருவாள். வலது கையை மட்டும் அவரிடம் கொடுக்கவில்லை. பயிற்சிக்கு வருகிற பெண்தான் அதை நீட்டிவிட்டாள். ஒருமுறை அவர் தொடப்போனபோது, மெதுவாக, கோபமில்லாமல், சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். மன்னித்தாளா என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரியும் என்பதால் கேட்கவே இல்லை.

மாசியில் பக்கவாதம் மறுபடி வந்தது. இந்த முறை தேன்மொழி பக்கத்திலேயே இருந்தாள். கை நடுங்கியதுமே ஆட்டோ பிடித்து, அரை மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டாள். எல்லாம் சரியான நேரத்தில் நடந்தது. இரண்டு நாள் கழித்து அத்தாயி இறந்துபோனாள்.

உடலை ஊருக்குக் கொண்டுபோக வேன் வந்தது. அடிவாரம் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் வேன் இப்படியும் அப்படியும் சாய்ந்தது. அத்தாயி அசையாமல் இருக்க, ஒரு பக்கம் செல்லமுத்துவும் ஒரு பக்கம் தேன்மொழியும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கழுத்தில் இருந்த மப்ளரை யாரும் கழற்றவில்லை. வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்துகொண்டே வந்தது.

"அர மணி நேரத்துல கொண்டு போனேன்" என்றாள் தேன்மொழி. யாரிடம் என்று இல்லாமல் சொன்னாள். "அர மணி நேரந்தான்."

"ஆமா கண்ணு."

மப்ளரைச் சரிசெய்தபடி அவள் கேட்டாள். "அன்னைக்குக் காலையில அம்மா வேற என்னெல்லாம் பேசுச்சு?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கேள்வியில் குத்தல் இருந்ததாகத் தெரியவில்லை.

"நெறையப் பேசுனா" என்றார். "காப்பி போட்டுக்கிட்டே பேசுனா. சந்தையில நல்ல கருவாடு இருந்தா வாங்கியாங்கன்னா. அப்புறம் அவளே வேண்டாம்னுட்டா, போன தடவ வாங்குனது நாறிப்போச்சுன்னு என்னெயத் திட்டுனா."

தேன்மொழியின் முகம் கோணியது. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. "அப்புறம்?"

"உன்னெயப் பத்திப் பேசுனா. தேனு இளைச்சுப் போயிட்டா, ரெண்டு மாசம் இங்க கொண்டாந்து வச்சுக்கிட்டாத் தேவலைன்னா. செவலை மாடு சினைதானான்னு டாக்டரக் கேட்டுட்டு வரச் சொன்னா. அந்தப் பச்சைச் சட்டையப் போடாதீங்க, பொத்தான் இல்லைன்னா. நான் அதையே போட்டுக்கிட்டேன். அப்புறமேட்டுத்தான் கை மரத்துப் போவுதுன்னா."

ஒன்றையும் விடாமல், தான் சொன்ன பதிலையும் சேர்த்து, கடைசி வரை சொன்னார். வேன் அடுத்த வளைவில் திணறி ஏறியது. தேன்மொழி அம்மாவின் தோளை ஒரு கையால் அணைத்துப் பிடித்தபடி, மறு கையால் மூக்கைத் துடைத்தாள்.

"காப்பி போட்டதுல இருந்து இன்னொருக்கா சொல்லுங்க" என்றாள்.