பாதி வீட்டு மழை

கனகமணிக்குக் கம்பெனி தர வேண்டிய நஷ்டஈடு ஏழாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். அதைத் தர முடியாது என்ற இங்கிலீஷ் கடிதம் 1968 ஆகஸ்டில் வந்தது. அன்று மாலையிலிருந்து அவள் வீட்டின் பாதியில் மட்டும் மழை பெய்தது. கோடு கிழித்த மாதிரி, இடப்பக்கம் அடுப்பும் தகரப் பெட்டியும் காய்ந்து கிடக்க, வலப்பக்கம் ஓட்டுக்குக் கீழேயே விடாமல் பெய்தது. மல்லாபூர் லைன் வீட்டுக்காரர்கள் பத்து நாள் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு மண்ணெண்ணெய் விலை ஏறியது. அதைப் பேசப் போய்விட்டார்கள். கனகமணி பிள்ளைகளை இடப்பக்கம் படுக்க வைத்து, வலப்பக்கத் தரையைக் கொத்திக் கீரை போட்டாள். கீரை விற்றுத்தான் சாப்பிட்டார்கள்.

அவள் புருஷன் ரூஃபஸைத் தொழிற்சாலையில் மெஷின் பெல்ட் இழுத்துக் கொன்றிருந்தது. பார்த்தவர் லோடிங் வேலை செய்த லட்சுமணன் ஒருவர்தான். வேலூர்ப் பக்கத்திலிருந்து வடக்கே பிழைக்க வந்த ஆள், பள்ளிக்கூடமே மிதிக்காதவர். கம்பெனி விசாரணையில் நடந்ததைத் தமிழில் சொன்னார். கிளார்க் இங்கிலீஷில் தட்டினார். காட்டிய இடத்தில் இவர் கட்டைவிரலை வைத்தார். நல்லது செய்த நிம்மதியோடு வீட்டுக்குப் போனார்.

நாற்பத்திரண்டு வயதில் சம்பளச் சீட்டில் தன் பெயரை எழுத ஆசை வந்து, ஞாயிறுதோறும் போலாரம் சர்ச் கூடத்துக்குப் போனார். அங்கே டைப்பிஸ்ட் ஞானசௌந்தரி தமிழும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுத்தாள். மூட்டை தூக்கிய கை பென்சிலுக்கு வணங்க நாலு வருஷம் ஆயிற்று.

“ஆபீஸ் இங்கிலீஷ்ல முன்பாதி மரியாதைக்குண்ணே,” என்பாள் அவள். “‘அப்ரிஷியேட்’னு ஆரம்பிச்சா உஷாராயிடுங்க. பின்னாடியே ‘பட்’ வரும், அதும் பின்னாடி ‘ரெக்ரெட்’ வரும். ‘தோ’ன்னு, அதாவது ‘இருந்தாலும்’னு எடுத்தான்னா, அடிக்கப் போறேன்னு சொல்லிட்டே அடிக்கிறான்.”

லட்சுமணன் படிக்கிறார் என்று கேள்விப்பட்டு, 1973இல் ஒரு நாள் கனகமணி அந்தக் கடிதத்தை எடுத்து வந்தாள். பின்னால் சாட்சியின் வாக்குமூலம் குத்தியிருந்தது. விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். பெல்ட்டுக்கு இரும்புக் கூடு இருந்தது, பட் ரூஃபஸ் வேண்டுமென்றே அதைக் கழற்றினார். கீழே ரேகை.

“‘பட்’ வரைக்கும் நான் சொன்னதுதான் தங்கச்சி. அப்புறம் இருக்கறது என் வாயில வரல.”

“ரேகை?”

“என்னுது.”

கனகமணி கடிதத்தை மடித்துக்கொண்டு போனாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

நாலு வரி இங்கிலீஷ் எழுதப் பதினோரு நாள் ஆனது. கூடு இருந்தது, பட் மூன்று மாதம் முன்பே மேஸ்திரி கழற்றிக்கொண்டு போனார்; அதை நான் பார்த்தேன். கீழே கையெழுத்து.

“பாகலா நீ? வேலை போயிடும்யா, நக்கோ!” என்று ஊர் உருது கலந்து தடுத்தான் கூட வேலை செய்த உமாசங்கர்.

“ஹவ், போகும்,” என்று அவன் பாஷையிலேயே ஆமாம் போட்டுவிட்டு, பஸ் பிடித்துப் போய்த் தொழிலாளர் கோர்ட்டில் கொடுத்தார்.

கேஸ் மூன்று வருஷம் இழுத்தது. 1976 பிப்ரவரியில் முழுத்தொகையும் வந்தது. கனகமணி எண்ணி முடிக்கும்போது வலப்பக்க மழை நின்று, பொழுது சாய்வதற்குள் தரை காய்ந்தது.

அடுத்த வாரம் லட்சுமணனுக்குக் கடிதம். உங்கள் நீண்ட சேவையைப் பெரிதும் அப்ரிஷியேட் செய்கிறோம், பட். அதற்கு மேல் அவர் படிக்கவில்லை. தன் வீட்டுக்கு வந்தபோது அங்கே வலப்பக்கம் மழை பெய்துகொண்டிருந்தது. மனைவி செல்லம்மா அரிசி மூட்டையை இடப்பக்கம் நகர்த்தியிருந்தாள்.

மறுநாள் காலையில் கனகமணி துணியில் முடிந்த விதையும் ஒரு களைக்கொத்தியும் கொண்டுவந்தாள்.

“முதல்ல சிறுகீரை போடுண்ணே, அதுதான் நம்ம மழைக்குத் தாங்கும். மொதக் கட்டு எனக்குக் குடுத்துடு. அதோட உன் ரேகைக் கடன் தீந்துது.”

லட்சுமணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மழைக்குள் இறங்கினார்.