உறை போட்ட சோபா

என் கொழுந்தன் போட்டோ எடுக்கிறவன். கல்யாணப் போட்டோ இல்லை, சமூகப் போட்டோ. சம்பளம் வராத வேலைக்குப் பேர் மட்டும் பெரிதாக இருக்கும். "வீடுகளைப் பத்தி ஒரு வரிசை எடுக்கிறேன் அண்ணி, உங்க ஹாலும் வேணும்" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜன்னல் கம்பி வரை துடைத்தேன். வாங்கிய நாளிலிருந்து கழற்றாத சோபாவின் பிளாஸ்டிக் உறையை அவனுக்காகவே கழற்றி மடித்து வைத்தேன். நல்ல புடவை கட்டி உட்கார்ந்தேன்.

"அந்தக் கவரை மறுபடி போட்டுடுங்க அண்ணி."

"நாலு பேர் பாக்கப்போற படம்டா. அசிங்கமா இருக்காது?"

"அதான் அழகே."

விஷயம் தெரிந்தவன் சொல்கிறான் என்று மாட்டினேன். பரணில் கிடந்த மிக்ஸி, டிவி அட்டைப்பெட்டிகளையும் அவனே இறக்கி என்னைச் சுற்றி அடுக்கினான்.

கண்காட்சிக்கு அதே புடவையில் போனேன். தையல் கம்பெனியில் என்னோடு வேலை பார்க்கும் இரண்டு பேரையும் பெருமைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

சுவர் உயரத்துக்கு நான். உறை பளபளக்க, பெட்டிகளுக்கு நடுவில், விற்காமல் தங்கிவிட்ட சரக்கு மாதிரி உட்கார்ந்திருந்தேன். கீழே ஒரே சொல்: 'ஆசை'. பக்கத்தில் சின்ன எழுத்தில், படங்களுக்காக எதையும் மாற்றி அடுக்கவில்லை என்று போட்டிருந்தார்கள்.

"கவரைக்கூடப் பிரிக்கல பாரேன்" என்று ஒருத்தி சிரித்தாள். திரும்பியவள் என் புடவையைப் பார்த்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். அவள் சிரித்தே முடித்திருக்கலாம். கூட வந்த இருவரும் வேறு படத்தைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

ஒரு பத்திரிகைக்காரர் கொழுந்தனிடம் கேட்டார். "இது நீங்களா அடுக்கி எடுத்ததா?"

அப்படி அடுக்கி எடுத்தது தெரிந்தால் இந்தத் தொழிலில் அதோடு சரி. அவனே எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னதுதான். இப்போது திரும்பி என்னைப் பார்த்தான்.

"இல்லைங்க" என்றேன். "எங்க வீட்ல எப்பவும் இப்படித்தான்."

"இந்தப் பெட்டி எல்லாமுமா?"

"பெட்டி எல்லாமும்தான். தூக்கிப்போட மனசு வராது."

அவர் சிரித்தபடி குறித்துக்கொண்டார். கொழுந்தனின் பேர் பிழைத்தது. எனக்குக் காது வரை எரிந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு கேமராப் பட்டையை முறுக்கிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து உறையைக் கழற்றப் போனேன். கழற்றினால் அந்தச் சிரிப்புக்குப் பயந்த மாதிரி. விட்டால் அந்தப் படம் நிஜம். பாதி கழற்றியபடியே விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் சாப்பிட வந்தான். உள்ளே வந்ததும் சோபாவைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை. சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தான்.

"சோபா எதுக்குடா வாங்கிப் போட்டிருக்கு?" என்றார் என் வீட்டுக்காரர்.

தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு நானும் தரையில் உட்கார்ந்தேன்.