சாம்பார் வாளியும் சுற்றியது

மாரிக்குப்பத்தில் விடிகாலை ரயிலேறி பெங்களூருக்கு வந்துபோகிற தமயந்திக்கு அன்றோடு ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிகிறது. வேலை நிரந்தரமாகுமா, இல்லை ரயில் பாஸை மடித்து வைத்துவிட வேண்டியதுதானா என்பது சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். அதைச் சொல்லப்போகிறவர் மேனேஜர் அனந்தபத்மநாபன். அவர் இட்ட கட்டளை ஒன்றே ஒன்றுதான்: கஸ்டமர் வரும்போது வாயைத் திறக்கக்கூடாது.

கஸ்டமர், ஆனேக்கல்லில் மூன்று ஓட்டல் வைத்திருக்கும் கிருஷ்ணப்பா. அவருக்குத் தானாகத் தோசை வார்க்கும் மிஷின் வேண்டும். தமயந்திதான் அதைக் கம்ப்யூட்டரில் வரைந்தாள். தோசைக்கல் ஒரு சுற்று சுற்றினால் மாவு தேய்க்கும் கை மூன்று சுற்று சுற்ற வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு பல்சக்கரம் வைத்திருந்தாள். முந்தாநாள் அனந்தபத்மநாபன் வந்தார், எடை அதிகம் என்றார், நடுச் சக்கரத்தை அழித்தார். திரையில் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. அந்த சாஃப்ட்வேரில் எந்த இரண்டு சாமானையும் காட்டி, ஒன்றுக்கு மூன்று என்று விகிதத்தைத் தட்டிவிட்டால் போதும். இடையில் ஒரு முழம் காற்று இருந்தாலும் சேர்ந்தே சுற்றும்.

“சார், நடுவுல சக்கரமே இல்ல. நெஜத்துல எப்படி சுத்தும்?”

“ஸ்க்ரீன்ல சுத்துதா இல்லியா?”

சுற்றியது. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பது அவர் கட்சி. அழகுக்குப் பக்கத்தில் ஒரு சாம்பார் வாளியையும் வரையச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று கிருஷ்ணப்பா வந்தார், பார்த்தார், “சென்னாகிதே”, நன்றாயிருக்கிறது என்று கன்னடத்தில் மெச்சினார். அதோடு எழுந்திருக்கலாம். ஆனால் நல்ல மனிதர், வரைந்தவளையும் ஒரு வார்த்தை கேட்டார்.

“ஏம்மா, ஊர்ல நாலு பேர் கேட்டா சொல்லணும். கல்லுலருந்து கைக்கு சுத்து எப்படிப் போவுது?”

தமயந்தி மேனேஜரைப் பார்த்தாள். வீட்டில் அவள் சம்பளத்தை விட்டால் வேறு வருமானம் கிடையாது. ஆனால் பொய் வரமாட்டேன் என்றது. வாயைத்தானே திறக்கக்கூடாது என்று மௌஸைப் பிடித்தாள். வாளியைக் காட்டினாள், தோசைக்கல்லைக் காட்டினாள், ஒன்றுக்கு ஐந்து என்று தட்டினாள். மூலையில் தேமே என்று நின்ற வாளி கைப்பிடியோடு கிறுகிறுவென்று சுற்றத் தொடங்கியது.

கடைசியில் வாயும் திறந்துவிட்டது. “பாருங்க சார், எதுவும் எதையும் தொடல. தொடாமலே சுத்துது. ஆனா நெஜத்துல...”

அனந்தபத்மநாபன் பலமாக இருமினார். கிருஷ்ணப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“தொடாமலேவா? அப்போ தேய்மானமே இருக்காதே.”

“அதேதான் சார்,” என்றார் மேனேஜர். “எண்ணெய்கூட போட வேணாம்.”

“சாம்பாரும் கலக்குமா?”

“அதுக்குத்தான சார் வாளி.”

மூன்று ஓட்டலுக்கும் ஆர்டர் கொடுத்துவிட்டுத்தான் கிருஷ்ணப்பா எழுந்தார்.

சாயங்காலம் கடிதம் வந்தது. வேலை நிரந்தரம். கஸ்டமர் முன்னாலேயே புதிய வசதி ஒன்றைக் கண்டுபிடித்துக் காட்டியதற்குப் பாராட்டு வேறு. தமயந்திக்குச் சந்தோஷம்தான், கண்ணில் நீரே வந்துவிட்டது. அம்மாவுக்குச் சொல்லலாம் என்று போனை எடுக்கும்போதுதான் கடிதத்தின் இரண்டாம் பத்தி கண்ணில் பட்டது.

இருபது நாளில் மிஷினை ஆனேக்கல்லில் நிறுத்தி ஓட்டிக் காட்டும் முழுப் பொறுப்பும் தமயந்தியுடையது. சக்கரம் எதுவும் சேர்க்கக்கூடாது. வாளி கட்டாயம் சுற்ற வேண்டும்.